மே மாதத்து வெந்நீர்

7

வேலம்மாளின் பையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். ஒரு சீப்பு, தலைவலித் தைலக் குப்பி, பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் நகல், கசங்கிய இளஞ்சிவப்பு பஸ் டிக்கெட்டுகள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், மடித்த ஒரு புடவை. விஷம் மட்டும் இல்லை. காலையில் கொட்டியது. மாலை நாலரை ஆகியும் யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

"இதுல விஷம்னா அந்த பிஸ்கட்தான் மேடம்," என்றான் வெங்கி என் காதருகில். "தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

வெங்கி என் உதவியாளன். டெல்லியிலேயே பிறந்தவன். தமிழ் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும், நிறுத்தத் தெரியாது. கரோல் பாக்கில் மாடியறை ஒன்றில் நாங்கள் இருவரும் நடத்தும் துப்பறியும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் வருவது மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான். மருந்து வைத்ததாக ஒரு சமையல்காரியை விசாரிக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

கூப்பிட்டவள் வைதேஹி. லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருபத்திரண்டு வருடங்களாக இருப்பவள். ஒரே மகன் அனிருத், இருபத்தேழு வயது, குருகிராமில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இப்போது நோய் விடுப்பில் உள்ளறையில் படுத்திருந்தான்.

"ஹோலிலேர்ந்து இதே கதைதான்," என்றாள் வைதேஹி. "சாப்பிட்ட அரை மணில எல்லாம் வெளில வந்துடறது. பதினோரு கிலோ எறங்கிட்டான். எண்டோஸ்கோபி பண்ணியாச்சு, ஸ்கேன் பண்ணியாச்சு. எல்லாம் நார்மல்ங்கறா. அப்பறம் எப்படி?"

"அதுக்காக வேலம்மாளைச் சந்தேகப்படறதா, மாமி?"

"சும்மா படலை. ஏப்ரல்ல இவ மூணு வாரம் லீவுல ஊருக்குப் போனா. அந்த மூணு வாரமும் நான்தான் சமைச்சேன். ரெண்டாவது வாரத்துலேர்ந்து குழந்தை நன்னா சாப்பிட்டான். ரசஞ்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இவ திரும்பி வந்தா. பத்தே நாள்ல பழையபடி. இதுக்கு என்ன சொல்றேள்?"

ஒரு வீட்டில் ஒருத்தி இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம் என்றால், எந்தக் காவல் நிலையத்திலும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

வைதேஹியின் கணவர் ஜகந்நாதன் வேட்டி, பனியனோடு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மத்திய சுகாதார அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் அதிகாரி. ஓய்வுபெற ஏழு மாதம். கையில் தட்டச்சு செய்து மடித்த புகார். அவர் திரும்பும்போதெல்லாம் பனியனுக்குள் ஏதோ இரும்பு லேசாக உரசிக் கிணுங்கியது.

"டிடெக்டிவ் எல்லாம் வேண்டாம்னு இவகிட்ட சொன்னேன்," என்றார் என்னைப் பார்க்காமல். "ஆறு மணிக்கு ராகு காலம் முடியறது. ஆறு அஞ்சுக்கு நான் ஸ்டேஷன்ல இருப்பேன். அதுவரைக்கும் என்ன வேணா தேடிக்கோங்கோ."

"அதுக்கு முன்னாடி அனிருத்தை ஆஸ்பத்திரியில சேத்துடலாமே சார்?"

"அதெல்லாம் வேண்டாம்." பதில் மிக வேகமாக வந்தது. "இவ போனா தானா சரியாயிடும்."

வெங்கி கைபேசியில் மணி பார்த்தான். "எண்பத்தஞ்சு நிமிஷம் மேடம். போலீஸுக்குப் போகக்கூட நல்ல நேரம் பாக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்."

*

வேலம்மாள் சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறு பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சுவரே அனல் விட்டுக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. பதினான்கு வருடங்களாக இந்த வீட்டுச் சமையல்; காலை ஏழுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகிறவள்.

"நீங்க ஏதாவது கலந்தீங்களாம்மா?"

"நான் சொல்றதுக்கு என்னா இருக்குது," என்றாள். "கூட்டிக்கினு போவட்டும்."

இல்லை என்று அவள் சொல்லவில்லை. அது என்னைத் தொந்தரவு செய்தது. துப்பறிய வருமுன் ஆறு வருடங்கள் நான் சுகாதாரக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போனவள். 'கடந்த முப்பது நாளில் இந்த வீட்டில் யாராவது புகையிலை, மது, கஞ்சா...' என்று படிவத்தைப் பார்த்து வாசிப்பேன். கேள்வி முடிவதற்குள் 'இல்லை' வந்துவிடும். நாலாயிரம் வீடுகள். சில வீடுகளில் கதவுக்குப் பின்னாலிருந்தே அந்த வாசனை வரும்; அங்கேயும் 'இல்லை' என்றுதான் குறித்தேன். அப்படிக் குறித்துக் குறித்து எனக்கு 'இல்லை'களின் வகைகள் தெரியும். பயந்த இல்லை, கோபப்பட்ட இல்லை, டீ கொடுத்து உபசரிக்கும் இல்லை. இல்லை என்றே சொல்லாதவர்கள் மட்டும் குறைவு. அவர்கள் வேறு யாருடைய இல்லையையோ காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள்.

*

அனிருத்தின் அறையில் ஏசி முழு வேகத்தில் ஓடியது. திரை போட்ட இருட்டு. கட்டிலில் சுருண்டிருந்தவன் கைகொடுக்க நீட்டிய விரல் நுனிகள் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன.

"ஸாரி, ஒன் மினிட்," என்று எழுந்து ஓடினான்.

குளியலறைக்குள் குமட்டும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இருபதாவது நிமிடம்தான் நின்றது. என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தேன். கதவு திறந்தபோது வெங்கியின் மூக்குக் கண்ணாடி இரண்டு வெள்ளைத் தட்டுகளாக மாறியது.

"அரே, கண்ணு போச்சு மேடம்!"

அனிருத் துண்டோடு எங்களைத் தாண்டிப் போய்ப் படுத்தான். வயிற்றிலும் மார்பிலும் தோல் செக்கச்சிவந்து திட்டுத் திட்டாக இருந்தது. ஆனால் முகத்தில் வலி இல்லை. வெகுதூரம் நடந்து வந்து பெஞ்சு கிடைத்தவன் முகம்.

வெங்கி கண்ணாடியைத் துடைத்தபடி குளியலறைக் கூரையைக் காட்டினான். சுண்ணாம்பு கொப்பளித்து உதிர்ந்திருந்தது. "ஈரத் துண்டு பத்து நிமிஷத்துல அப்பளமாகற ஊரு இது. இந்தக் கூரை மட்டும் எப்படி மேடம் ஊறுது?"

வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று வைதேஹியிடம் கேட்டேன்.

"மொட்டைமாடி டாங்க் தண்ணி மே மாசத்துல தானே கொதிக்கறதே," என்றாள்.

"கீசர்?"

"கீசரா! ஹோலிக்கு மறுநாள் இவர் அதோட ஃப்யூஸ் கட்டையை உருவி பீரோல வெச்சுப் பூட்டிடுவார். தீபாவளி எண்ணெய் ஸ்நானத்துக்குத்தான் வெளில வரும். இருபத்திரண்டு வருஷமா இதான் வழக்கம். யார் கெஞ்சினாலும் தரமாட்டார். அனிருத்துக்கு பிப்ரவரில பிறந்தநாள். அவன் பெரிய சந்தோஷமே அன்னிக்குக் கீசர் இருக்கும்கறதுதான்."

டாங்க் தண்ணீர் சுடும். ஆனால் கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு ஆவி விடாது. வெங்கியும் நானும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் நகர்ந்தோம்.

மின்சாரப் பலகை செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது. பழைய வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் நான்கு. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் அழகான கையெழுத்து. மூன்றில் தூசி படிந்திருந்தது. நான்காவது சுத்தமாக இருந்தது. அதன் கீழே 'கீசர்'.

"வாஹ்," என்றான் வெங்கி. "தீபாவளி இந்த வருஷம் மே மாசத்துலயே வந்துடுச்சு."

*

மாடிப்படியில் நின்று மீனாக்ஷியை அழைத்தேன். ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர். ஒரே விடுதி அறையில் என்னோடு இரண்டு வருடம் இருந்தவள். தினசரி வாந்தி, எல்லாப் பரிசோதனையும் சரி, கொதிக்கும் வெயிலில் வெந்நீர் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"வெந்நீர்ல நின்னா வாந்தி அடங்குதா?"

"அடங்குதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப கஞ்சா. வருஷக்கணக்கா தினமும் இழுக்கறவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். வெந்நீர்ல ஏன் அடங்குதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. மாசத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க சுபா, கைநிறைய ஸ்கேனோட. அவங்களும் சொல்றதில்ல, யாரும் கேக்கறதும் இல்ல. வாந்திக்கு கஞ்சா நல்லதுன்னு எங்கயோ படிச்சுட்டு, வாந்தி வர வர இன்னும் இழுக்கறாங்க. அதான் கொடுமை."

"நிறுத்தினா?"

"ஒரு வாரம், ரெண்டு வாரத்துல சரியாயிடும். மறுபடி தொட்டா மறுபடி வரும்."

இரண்டாவது வாரம். ரசஞ்சாதம்.

"போலீஸுக்குச் சொல்லுவீங்களா?"

"நாங்க டாக்டருங்கடி. அவன் கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்னு கேளு. காலையிலேருந்து போகலைன்னா, அங்க நின்னு துப்பறிஞ்சிட்டு இருக்காத. தூக்கிட்டு வா. போன வாரம் ஒருத்தன் உடம்புல தண்ணி வத்தி, கிட்னி நின்னுபோய்த்தான் வந்தான்." அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஜல்தி, சீக்கிரம்," என்று எனக்கோ கூப்பிட்டவருக்கோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஐந்து இருபது.

அனிருத்தின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெங்கி கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றான். 'புகைப்பாயா?' என்று கேட்டால் 'இல்லை' வரும். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"எத்தனை வருஷமா?"

அவன் கூரையைப் பார்த்தான். "எது?"

"நானும் ஹாஸ்டல்ல இருந்தவன், பையா," என்றான் வெங்கி. "என் மூக்கு அதுல டிகிரி வாங்கியிருக்கு. இங்க பெருங்காய வாசனை மட்டும் வருதேன்னுதான் யோசிக்கறேன்."

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"நாலு வருஷம்," என்றான் அனிருத். "தூக்கத்துக்காக ஆரம்பிச்சேன். ஆஃபீஸ்ல நைட் கால்ஸ்... ஃப்ரெண்ட் ஒருத்தன் கொண்டுவந்து தருவான். வாந்திக்கும் அதான் மருந்துன்னு நினைச்சேன். மேடம், வேலம்மாவை ஒண்ணும் பண்ணவேண்டாம்னு சொல்லுங்க. ப்ளீஸ்."

"நீயே சொல்லியிருக்கலாமே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியாகச் சிறுநீர் போனது நேற்று இரவு என்றான்.

*

ஏப்ரல் மட்டும் மிச்சமிருந்தது. வேலம்மாள் இல்லாத மூன்று வாரம் அவன் ஏன் புகைக்கவில்லை? வாசல் தாண்ட முடியாத உடம்பு அவனுக்கு. வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

சமையலறைக்குள் போய் நின்றேன். புகை வெளியேறக்கூடிய ஒரே இடமான பின்பால்கனிக்கு வேறு வழி இல்லை. அடுப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். வேலம்மாள் இருக்கும் நாட்களில் வைதேஹி முழங்கால் வலியைச் சொல்லிச் சமையலறைப் பக்கமே வருவதில்லை. வேலம்மாள் ஊருக்குப் போனதும் விடிகாலையிலிருந்து அடுப்பு மூடும்வரை அவள்தான் அங்கே. தாயைத் தாண்டிப் போய்ப் பற்றவைக்கும் துணிச்சல் அவனுக்கு வரவில்லை. அவ்வளவுதான். வேலம்மாள் ஊருக்குப் போனதால் அவன் பிழைக்கவில்லை. அம்மா சமையலறையில் நின்றதால் பிழைத்தான்.

வேலம்மாளின் அருகே தரையில் உட்கார்ந்தேன். சூடு புடவையைத் தாண்டி உறைத்தது.

"நீங்க தாளிக்கிற நேரமாப் பாத்து வருவானா?"

அவள் நிமிர்ந்தாள். முதல்முறையாக முகத்தில் பயம்.

"கடுகு, பெருங்காயம், மொளகா. அந்த நெடியில வேற எதுவும் தெரியாது. அப்படித்தானே?"

"உள்ள யாருக்காச்சும் சொன்னியா, கண்ணு?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாத வேலம்மான்னு கையப் புடிச்சான். பதிமூணு வயசுலேருந்து நான் சோறு போட்ட புள்ள. பீடி மாதிரிதான், உட்ருவான்னு நெனச்சேன். வாந்தி வேற, இது வேறன்னுதான் நெனச்சேன்."

"உங்களை போலீஸ் கூட்டிட்டுப் போயிடுவாங்கம்மா."

"போவட்டும். என்கிட்ட என்னா கெடைக்கும்? சோத்த சோதிச்சாலும் ஒண்ணுமில்ல, பைய சோதிச்சாலும் ஒண்ணுமில்ல. ரெண்டு நாளு வெச்சிக்கினு உட்ருவாங்க. அந்தப் புள்ள ரூம சோதிச்சா? அவன் படிப்பு, வேல, எல்லாம் போச்சே."

காலையிலிருந்து இந்தச் சூட்டில் உட்கார்ந்து இதைத்தான் அவள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் காப்பாற்றியதே அவனைக் கொன்றுகொண்டிருந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான் என்பது எழுந்து நடக்கும்போது தெரிந்தது. நாலாயிரம் வீடுகளில் வாசனையை முகர்ந்துவிட்டு 'இல்லை' என்று எழுதியவள் நான்.

*

ஆறு ஆக எட்டு நிமிடம். ஜகந்நாதன் சட்டை போட்டுக்கொண்டு, செருப்புக்காக வாசலுக்கு வந்திருந்தார். நான் மின்சாரப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டேன்.

"சார், பீரோ சாவி எங்க?"

அவர் கை தானாக மார்புக்குப் போனது.

"அவர் பூணூல்லதான் முடிஞ்சிருக்கும்," என்றாள் வைதேஹி. "குளிக்கறச்சேகூட எடுக்கமாட்டார். ஏன் கேக்கறேள்?"

நான் சற்று விலகினேன். வைதேஹி பலகையைப் பார்த்தாள். நான்காவது கட்டையை. பென்சில் எழுத்தை. பிறகு கணவரை.

"ஏன்னா," என்றாள் மெதுவாக. "எப்போ எடுத்துக் குடுத்தேள்?"

தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டது. ஜகந்நாதன் செருப்பு அலமாரியின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"மார்ச்ல," என்றார். "அவன் அலமாரில ஒரு பொட்டலம் பாத்தேன். கஞ்சா. வாங்கி வெச்சுண்டேன். விட்டுட்டேம்ப்பான்னு சத்தியம் பண்ணினான். வெந்நீர்ல குளிச்சா மட்டும் தேவலைன்னு அழுதான். குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லலை."

"ஆஸ்பத்திரில சேத்தா ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணுவா. பேப்பர்ல வரும். அவன் வேலை... என் சர்வீஸ்ல இன்னும் ஏழு மாசம். வாந்திக்கும் அதுக்கும் சம்பந்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இவதான் ஏதோ பண்றான்னு நம்பினேன்."

"நம்பலை," என்றாள் வைதேஹி. "நம்பணும்னு ஆசைப்பட்டேள்."

அதை அவரிடம் சொன்னாளா, தனக்குச் சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"அந்தப் பொட்டலத்தை என்ன பண்ணினீங்க சார்?" என்றேன்.

அவர் தலை குனிந்தார். "குப்பைல போட்டா ஸ்வீப்பர் பாத்துடுவான்..."

வெங்கி குரலைத் தாழ்த்தினான். அது அபூர்வம். "அப்போ இன்னும் பீரோல, பூட்டிலதான் இருக்கா? சார், நீங்க போலீஸைக் கூட்டிட்டு வந்திருந்தா, இந்த வீட்டுல சரக்கு முதல்ல கிடைச்சிருக்கற இடம் உங்க மார்ல தொங்கற சாவியோட பீரோதான்."

ஜகந்நாதன் கையிலிருந்த புகாரைப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு முறை மடித்தார்.

"கார் எங்க?" என்றேன். "உங்க பையனுக்கு நேத்து ராத்திரியிலேருந்து மூத்திரம் போகலை. எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம்."

வெங்கியும் வேலம்மாளும் அனிருத்தை இரு பக்கமும் தாங்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தரையில் கிடந்த பொருட்கள் வழியை மறித்தன. இந்த முறை வைதேஹி தாண்டவில்லை. வலிக்கும் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். சீப்பு, தைலம், ஆதார் நகல், பஸ் டிக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். பிஸ்கட்டைக்கூட விடவில்லை. எழுந்து பையை நீட்டினாள்.

வேலம்மாள் ஒரு கையால் பையை வாங்கி, பிரித்து உள்ளே பார்த்தாள்.

"எல்லாம் இருக்குதான்னு நானும் பாத்துக்கறேன்மா," என்றாள்.

*

அவசரப் பிரிவுப் பதிவு ஜன்னலில் பெரிய வரிசை. ஜகந்நாதன் தன் முறை வந்ததும் மகனின் பெயர், வயது, முகவரி எல்லாம் தெளிவாகச் சொன்னார். பின்னால் பெஞ்சில் அனிருத் வேலம்மாளின் மடியில் தலை வைத்திருந்தான். வைதேஹி எதிரே நின்று அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீனாக்ஷி உள்ளே சலைன் பாட்டிலோடு காத்திருந்தாள். இந்தச் சீட்டு ஒன்றுதான் பாக்கி.

"நஷா கர்தா ஹை?" எழுத்தர் நிமிராமல் கேட்டார். போதைப் பழக்கம் உண்டா?

எத்தனையோ வருடம் அந்தக் கேள்விக்கான பதில்களைக் கட்டம் கட்டமாகக் கூட்டிப் பார்த்தவர் ஜகந்நாதன். நான் எழுதிய 'இல்லை'களும் அவர் மேசை வழியாகப் போயிருக்கலாம். அவர் உதடுகள் அசைந்தன.

"ஜோர் ஸே போலியே, அங்கிள். சுனாயி நஹீன் தேத்தா." சத்தமாகச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றார் எழுத்தர்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருபது பேர். ஜகந்நாதன் சட்டைக்கு மேலாகச் சாவியைப் பற்றிக்கொண்டார்.

"ஹான்," என்றார் உரக்க. "காஞ்சா. சார் சால் ஸே." ஆமாம், கஞ்சா, நாலு வருடமாக.

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.